அம்மாவின் பக்கத்தில் நான் எழுதியவை

அண்ணா, இதை வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அம்மா இன்னும் தூங்கவில்லை. இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. நான் தும்மினாலே அங்கிருந்து "சளியா?" என்று குரல் வரும். அதனால் போர்வைக்குள் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். மணி ஒன்று இருபது. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். நீ காலையில் எழுந்து இதைப் பார்க்கும்போது நானும் அம்மாவும் ஆஸ்பத்திரியில் இருப்போம். பதறாதே, யாருக்கும் அடிபடவில்லை. தனக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது என்று அம்மா நினைக்கிறாள். அப்படி எதுவும் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் எல்லாம் என்னால் வந்தது.

நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் அம்மா பெயரில் நெட்டில் ஒரு பக்கம் திறந்துவிட்டு, பாஸ்வேர்டை என் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தாயே, அங்கே ஆரம்பித்தது. அப்போது அந்தப் பக்கத்தில் முப்பத்தெட்டுப் பேர். பாதி நம் சொந்தக்காரர்கள். அம்மா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவளுடைய பட்டன் போனில் பார்க்கவும் முடியாது.

நீ போன மூன்றாவது மாதம் பதிப்பாளர் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளைப் போட்டாரே, அவர்தான். உட்காரும்போதே பெருமூச்சு விட்டார்.

"நாவல் எந்த அளவுல இருக்கும்மா?"

"முக்காவாசி முடிஞ்சிருச்சு சார்."

"சந்தோஷம். ஆனா போன தொகுப்பு இன்னும் குடோன்ல அட்டைப்பெட்டியோட தூங்குது. எலிதான் படிக்குது. நீங்க கொஞ்சம் வெளிய வரணும். தினம் ஒரு நாலு வரி போடுங்க. ஜனங்க இப்ப முதல்ல ஆளப் பாக்குறாங்க, அப்புறம்தான் புஸ்தகத்தப் பாக்குறாங்க."

"தினம் நாலு வரி அங்க போட்டா நாவலுக்கு எங்கேர்ந்து சார் வரும்? எனக்கு ஒரு நாளைக்கு மொத்தமே நாலு வரிதான் வருது."

"கதவச் சாத்திக்கிட்டு எழுதினா எழுத்து நல்லாத்தான் இருக்கும். சாத்தின கதவ யாரு வந்து தட்டுவா?"

"யாரும் தட்டக் கூடாதுன்னுதான சார் சாத்துறது."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, பத்தாயிரம் பேர் சேர்ந்தால் நாவலைப் போடுகிறேன், இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் போன பிறகு அம்மா ரொம்ப நேரம் நாற்காலியிலேயே இருந்தாள். வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து நின்று, கண்ணாடி ஃபிரேம்களில் கடுகு அளவு திருகாணி முடுக்கிவிட்டு வந்த கண்கள். அவற்றைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "வாலு, பழைய கதைங்கள்லேர்ந்து நீயே ஏதாவது எடுத்துப் போடு. என்னக் கேக்காத. எனக்கு அதெல்லாம் நெனச்சாலே தலை சுத்துது."

'என்னைக் கேட்காதே' என்றாள் பார், அதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் ஒழுங்காகத்தான் போட்டேன். "அவன் வந்தான். நான் புத்தகத்தை மூடவில்லை. அவனுக்குப் புரிந்தது." இந்த மாதிரி. எட்டு லைக். அதில் ஒன்று நீ, ஒன்று நான். ஒரு நாள் பரீட்சைக்குப் படித்துப் படித்து வெறுத்துப்போய், அம்மாவின் நோட்டைப் புரட்ட அலுத்துக்கொண்டு, நானே ஒரு வரியை எழுதிப் போட்டுவிட்டேன். "சமையலறை விளக்கைக் கடைசியாக அணைப்பவளிடம் 'சாப்பிட்டாயா' என்று யாரும் கேட்பதில்லை."

காலையில் இரண்டாயிரம் லைக். சாயந்திரம் எண்ணுவதை விட்டுவிட்டேன். "அம்மா, அழுதுட்டேன்" என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். "நன்றி கண்ணா" என்று பதில் போட்டேன். அம்மா நம்மையே கண்ணா என்று கூப்பிட்டதில்லை, உனக்குத் தெரியும்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. பொய் சொல்ல மாட்டேன், பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே நாற்பத்தாறு வயதுப் பெண்ணாக இருந்தால் எல்லாரும் கேட்கிறார்கள். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அனுப்பினாள். "பொறுமையாக இரும்மா, காலம் மாறும்" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வேதியியல் படிக்கப் போனேன். ஆறு மாதத்தில் இருபத்து மூவாயிரம் பேர். பதிப்பாளர் போன் செய்து நாவலை உறுதி செய்துவிட்டார். அன்றைக்கு அம்மா சமைக்கும்போது முணுமுணுவென்று பாடினாள். அதற்காகவாவது இதைச் செய்தது சரி என்று நினைத்தேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் கடையிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"ஒரு அம்மா கண்ணாடி மாத்த வந்தாங்க. என் கையப் புடிச்சுக்கிட்டு ஒரு வரியச் சொல்லி அழறாங்க. சமையலறை விளக்குன்னு என்னமோ. நான் எழுதலையேன்னு சொன்னேன். போன எடுத்துக் காட்டறாங்க. என் பேரு, என் போட்டோ. அது எந்தக் கதைல வருது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. ஆனால் சொன்னால் பக்கம் போய்விடும், பக்கம் போனால் நாவல் போய்விடும் என்று ஒரே மூச்சில் தோன்றியது. "பழைய நோட்டுல இருந்துச்சும்மா" என்றேன்.

"எந்த நோட்டு?"

"தெரியலம்மா. ஏதோ ஒண்ணு."

அதோடு முடியும் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஒரு பெண் வேறொரு வரியைச் சொன்னாளாம். பக்கத்துக் கடைக்காரர் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அம்மா வந்து கேட்டாள், ஒவ்வொரு தடவையும் நான் பழைய நோட்டு என்றேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் பயங்கரம். யாராவது எதையாவது சொன்னால், "ம், எழுதியிருப்பேன்" என்று தலையாட்ட ஆரம்பித்துவிட்டாள்.

தாத்தா கடைசி இரண்டு வருஷம் அம்மாவைப் பார்த்து "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டாரே, அது அவள் மனதில் அப்படியே இருந்திருக்கிறது. வீட்டில் துண்டுச் சீட்டுகள் முளைத்தன. 'கேஸ் அணைத்தாயிற்று, 7.10.' 'சாவி பையில்.' கடையில் இடக்கண் லென்ஸை வலக்கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டாளாம், முதலாளி எல்லார் முன்னாலும் பேசிவிட்டாராம். பயந்தே தப்பு செய்கிறாள், தப்பு செய்துவிட்டுப் பயப்படுகிறாள்.

போன வாரம் நாவலின் கடைசி அத்தியாயத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கொடுத்தாள். நாலாவது பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. என் வரி, அண்ணா. அந்தச் சமையலறை விளக்கு வரி, அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில்.

"அம்மா, இது..."

"ஆமா, அந்தப் பழைய வரிதான். இந்த எடத்துக்குப் பொருத்தமா இருந்துச்சு. ஊருக்கே ஞாபகம் இருக்கு, எழுதின எனக்குத்தான் இல்ல."

 பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

இன்று சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு ஒம்பதரைக்கு நரம்பு டாக்டரப் பாக்க டோக்கன் போட்டிருக்கேன். நீ கூட வா. அப்பாகிட்ட இப்போதைக்குச் சொல்லாத." தட்டில் இருந்ததை ஒதுக்கிவிட்டு, "நாவல்ல இன்னும் ரெண்டு அத்தியாயம் மனசுல இருந்துச்சு. விட்டுட்டேன். அதுக்குள்ள எல்லாம் மறந்துருவேனோன்னு அவசரமா முடிச்சேன். நாளைக்குச் சாயந்திரம் சார்கிட்ட குடுத்துரலாம்" என்றாள்.

அவளுடைய ஏழு வருஷத்து நாவலை நான் பாதியில் முடிக்க வைத்துவிட்டேன். நாளை டாக்டர் கேள்வி கேட்பார், பயத்தில் இவள் தப்புத் தப்பாகச் சொல்லுவாள், அவர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். நான் பக்கத்து நாற்காலியில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்ன செய்ய? நீ முழித்திருந்தால் கேட்டிருப்பேன். நீ இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.  தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

மணி நாலேகால். மேலே எழுதியதை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் எடுக்கப் போகும்போது அம்மாவின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தரையில் பதினாலு நோட்டுகளையும் பரப்பிவைத்து நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை ஓட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிற மாதிரி. என்னைப் பார்த்ததும், "ஒம்பதாவதுலயும் இல்லடி" என்றாள். கோபமே இல்லாத குரல். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"எதுலயும் இருக்காதும்மா. அது நான் எழுதினது."

விரல் அந்த வரியிலேயே நின்றது. "எது?"

"எல்லாம். பஸ்ல சொன்னது, பக்கத்துக் கடையில சொன்னது, எல்லாம். நோட்டுல இருக்குன்னு பொய் சொன்னேன்."

"அப்போ நான் எதையும் மறக்கலயா?"

"இல்லம்மா."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். "அஞ்சு வாரம்டி" என்றாள். "உங்கப்பா தூங்கும்போது உக்காந்து அவர் மூஞ்சியப் பாத்துப் பாத்து மனசுல வெச்சுக்கிட்டேன். எங்க மறந்துருவேனோன்னு."

அண்ணா, அடித்திருந்தால் தேவலை.

நான் அழுதேன். அவள் சமாதானம் செய்யவில்லை. அப்புறம், "போனக் கொண்டா. முதல்லேர்ந்து படி" என்றாள். ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒரு தாளில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'நான்', அந்தப் பக்கம் 'அவள்' என்று குறித்தாள். நடுவில் ஒன்றுக்கு, "இது நான்" என்றாள்.

"இல்லம்மா. நான்."

"அடிப்பாவி."

இன்னொன்றைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இது நீதான். ஒரே திமிரு."

"அது உன்னோட முதல் தொகுப்பும்மா. முப்பதாம் பக்கம்."

சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியிலேயே போய்விட்டது. மாமியாரைப் பற்றி எழுதியவளுக்கு நான் சொன்ன பதிலைப் படித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டாள். "இவ ஒரு பெரியவகிட்ட பேசறதா நெனச்சு வீட்டுக் கதைய எல்லாம் கொட்டியிருக்கா. நீ காலம் மாறும்னு சொல்லிட்டுப் போயிருக்க. மாறலன்னா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. "பக்கத்த அழிச்சிரட்டுமா?" என்றேன்.

"அழிச்சா இவங்களுக்கெல்லாம் யாரு சொல்லுவா? எழுது." சொல்லச் சொல்லத் தட்டினேன். 'ஆறு மாதமாக இங்கே எழுதியதும் பதில் சொன்னதும் நான் அல்ல, என் மகள். அவளுக்குப் பதினாறு வயது. நம்பிப் பேசியவர்கள் மன்னிக்க வேண்டும். பார்த்துக்கொள்ளாமல் விட்டது என் தவறு.'

"அம்மா, இதப் போட்டா நாவல் வராதும்மா."

"வராட்டி போகுதுன்னு சொல்லுவேன்னு நெனச்சியா? எனக்கு வரணும்டி. ஏழு வருஷம்." குரல் உடைந்து பின் சரியானது. "ஆனா இப்ப அவர் வந்து கேட்டா குடுக்க எங்கிட்ட நாவல் இல்ல. அந்தக் கடைசி அத்தியாயம் பயந்து எழுதினது. நாலாம் பக்கத்துல நீ வேற நிக்கற. நல்லா வேற எழுதியிருக்க, அதான் இன்னும் கோவம்."

பொத்தானை என்னையே அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். ஐந்து நிமிஷத்தில் முதல் ஆள் திட்டினார். அடுத்தவர், 'மகளுக்கு வாழ்த்துகள்' என்றார். அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இனி ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதில்லை. கடைசி அத்தியாயத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. இப்போது எழுதுகிறாள், பலகை வழியாகப் பேனா ஓடுவது கேட்கிறது. பத்து மணிக்குக் கடை திறக்க வேண்டும், எப்படி நிற்பாளோ தெரியாது. இருபத்து மூவாயிரத்தில் அறுபது பேர் அதற்குள் போய்விட்டார்கள். பதிப்பாளர் ஆறு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவார். அவர் கூப்பிட்டால் நான்தான் பேச வேண்டுமாம். கதவுக்கு உள்ளிருந்தே சொல்லிவிட்டாள்: "அம்மா எழுதிக்கிட்டிருக்கா, ரெண்டு அத்தியாயம் பாக்கின்னு சொல்லு. உன் சொந்தக் குரல்ல சொல்லு."

அண்ணா, எழுந்ததும் கூப்பிடு. அவருக்கு முன்னால் நீ கூப்பிட்டால் நன்றாயிருக்கும்.