வண்டி சர்வீஸில் இருக்கிறது

பெட்டிக்குத் தோள் கொடுத்து நிமிர்ந்த பிறகுதான், கார் சாவி தன் பேன்ட் பாக்கெட்டில் கிடப்பது சின்னவனுக்கு உறைத்தது. இனி அதை எடுத்து எங்கே ஒளிப்பது? இரண்டு கையும் பெட்டியில் இருந்தன. பெட்டிக்குள் அப்பா இருந்தார்.

“பாத்து, படி இருக்கு,” என்றார் அத்தான். அக்காவின் புருஷன், பெட்டியின் மறுபக்கம் அவர் தோளில் இருந்தது. “முன் தெரு பூரா குழாய்க்குத் தோண்டிப் போட்டுட்டாங்க. பின் சந்து வழியா மெயின் ரோட்டுக்குப் போயிடலாம். அங்கதான் சவ வண்டி நிக்குது.”

“சுத்து இல்லையா அத்தான்? முன்னாடியே போயிடலாமே.”

“பள்ளத்துல எவனாவது கால விட்டா மாமாவும் சேந்து விழுவார். நட மாப்ள.”

அந்தப் பின் சந்தில்தான் நின்றது சின்னவனின் கார். சர்வீஸில் இருப்பதாக அவன் சொல்லியிருந்த கார்.

நேற்று மத்தியானம் அக்கா போன் செய்திருந்தாள். “அப்பா விடாம வாந்தி எடுக்கறார்டா. மூச்சு வேற வாங்குது. உன் வண்டிய எடுத்துட்டு உடனே வா.” அவன் வீடு அங்கிருந்து பக்கத்திலேதான். கார் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே வெண்ணெய் நிறத்தில் தோல் சீட்டு. அந்த நிமிஷத்தில் பாவிப்பயல் கண்ணுக்கு அந்த சீட்டைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. “வண்டி சர்வீஸ்ல இருக்கேக்கா,” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. எப்போதும் வருகிற வாந்திதானே, ஓர் ஊசியில் நின்றுவிடும் என்று நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான்.

அத்தான் வேலையைப் போட்டுவிட்டு ஊரின் மறுகோடியிலிருந்து தன் பழைய காரை விரட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு கதவாகப் போய்ப் பூட்ட வேண்டும். சின்னவன் அதற்கு வைத்திருந்த பெயர் தகர டப்பா. அந்தத் தகர டப்பாவின் பின் சீட்டில், அம்மா மடியில், ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்குள் அப்பா போய்விட்டார். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்றாராம் டாக்டர்.

சேதி கேட்டதும் பதறியடித்துக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தெருமுனைக்கு வந்ததும்தான் சொன்ன பொய் ஞாபகம் வந்தது. சந்தில் நிறுத்திவிட்டு நடந்தே வந்து வாசலில் நின்று அழுதான். அழுகையில் பொய்யில்லை.

காலையில் அத்தான் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “என் வண்டி சீட்டைக் கழுவி விட்டேன், இன்னும் காயல. உன்னுதும் சர்வீஸ்ல. அத்தைக்கு முட்டி வலி, நடக்க மாட்டாங்க. ஒரு டாக்ஸி சொல்லிடறேன்.” அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு நின்றான்.

புதுக் காருக்கு ஒரு பழக்கம் உண்டு. சாவியோடு கிட்டே வந்தால் போதும், எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம். மடக்கிய பக்கக் கண்ணாடிகளை விரித்து, விளக்கெல்லாம் எரியவிட்டு, கீச் கீச்சென்று குரல் கொடுக்கும். வாங்கிய அன்று அப்பாவிடம் இதைத்தான் முதலில் காட்டினான். “பாத்தீங்களாப்பா, என்னைத் தெரிஞ்சுக்குது.” அப்பா சிரித்தார். “உன்னை எங்கடா தெரியுது, சாவியைத்தான் தெரியுது.” ஏறிப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்கவில்லை. ஏறுங்கப்பா என்று இவனும் சொல்லவில்லை.

இதுவே தகர டப்பாவாக இருந்தால், துவாரத்தில் சாவியை விட்டுத் திருப்பும்வரை வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கும்.

சந்து ஒடுக்கம். சின்னவன் மதிலோடு மதிலாக ஒதுங்கிப் பார்த்தான்.

“பெட்டி சாயுது மாப்ள,” என்றார் அத்தான். “நேரா வா.”

நேராக வந்தான். காரும் அவன் பாக்கெட்டும் உரசிக்கொள்கிற தூரம். கண்ணாடிகள் விரிந்தன. முன்னும் பின்னும் விளக்குகள் எரிந்தன. கீச் கீச் என்றது.

“யாருப்பா சாவிய அமுக்கினது, இந்த நேரத்துல?” என்று பின்னால் வந்த பக்கத்து வீட்டுக்காரர் கடுகடுத்தார். அம்மாவைக் கைத்தாங்கலாக நடத்திவந்த அக்காவின் செருப்புச் சத்தம் நின்றது. சின்னவன் திரும்பவில்லை, திரும்பவும் முடியாது. பெட்டியை இறக்கிவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. அத்தான் அந்தக் காரையும் அவனையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் பக்கத்துப் பாரத்தை இன்னும் கொஞ்சம் தன் தோளுக்கு இழுத்துக்கொண்டார்.

மெயின் ரோட்டில் பெட்டியைச் சவ வண்டியில் ஏற்றியதும் அத்தான் டாக்ஸி சொல்லப் போனை எடுத்தார்.

“வேண்டாங்க,” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. “வண்டி சர்வீஸ்லேர்ந்து வந்துடுச்சு போல.”

சின்னவன் போய்க் காரை எடுத்து வந்தான். இறங்கி, அம்மாவுக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்தான். அவள் குனிந்து சீட்டைப் பார்த்தாள். தோளில் கிடந்த துவாலையை எடுத்து உதறி, அதன்மேல் விரித்து, சுருக்கமில்லாமல் நாலு முனையையும் இழுத்துவிட்டாள்.

“எதுக்கும்மா அதெல்லாம்...” என்றான்.

“இருக்கட்டும்ப்பா.”

துவாலையின் நுனியில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி, மண்ணை வெளியே தட்டிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டாள்.