கடைசி வரிசையில் டோனா சுல்மீரா

1

இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யார் மீதாவது பழியைப் போட எனக்கு ஆசை வரும். எழுதும்போது மூன்று முறை வந்தது.

பேஜா நகருக்குத் தெற்கே ஒரு முதியோர் இல்லத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன் நான், பெயர் அமாதெயு. இல்லத்தில் எழுபத்தொரு பேர். என் கம்ப்யூட்டரில் அவர்கள் ஓர் அட்டவணை: பெயர், அறை, பல்செட் உண்டா, காபிக்குச் சர்க்கரையா, குளிக்கத் துணை வேண்டுமா. அதன் கீழே ஆம், இல்லை, ஆம், ஆம், இல்லை. திரையில் ஒரு நேரத்தில் இருபது பேர்தான் தெரிவார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களைப் பார்க்க உருட்டினால் தலைப்பு வரிசை மேலே போய் மறைந்துவிடும். எந்த 'ஆம்' எதற்கான 'ஆம்' என்பதை அப்புறம் ஞாபகத்தில்தான் வைத்திருக்க வேண்டும்.

தலைப்பை நகராமல் நிறுத்திவைக்க முடியும். இரண்டே சொடுக்கு. அது எனக்குத் தெரியும்.

நத்தேர்சியா ஜனவரியிலேயே கேட்டாள். பதினேழு வருடமாக இங்கே பராமரிப்பு வேலை பார்ப்பவள்.

"அண்ணே, கீழ போனா தலைப்பு காணாமப் போயிடுது. தாமியாவ் ஐயாவோட பல்செட்டுக்குப் போட்ட 'ஆம்'மைப் பாத்துட்டு மூணு நாளா அவரு காபில சர்க்கரை போட்டிருக்கேன்."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்றதாவது. இப்பத்தான் நான் காபி போடக் கத்துக்கிட்டேனாம். எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாரு."

சிரித்தோம். பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை.

2

நான் எழுதிய முதல் தொடக்கம்: 'கவனமில்லாத பணிப்பெண் ஒருத்தி, மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில்'

அதோடு நிறுத்தினேன். நத்தேர்சியா கவனமில்லாதவளாக இருந்தால் எனக்கு வசதி. அவள் அப்படி இல்லை.

இரண்டாவது தொடக்கம்: 'டோனா சுல்மீராவின் இதயம், மெல்லிய கண்ணாடியால் ஆன ஒரு'

இதுவும் நின்றுவிட்டது. டோனா என்று இல்லத்தில் எல்லாரும் மரியாதையாக அழைக்கும் அந்த அம்மாளின் இதயம் எதைப் போலவும் இல்லை. வயது எண்பத்து மூன்று. நாளைக்கு நான்கு மாத்திரை. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான்.

இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அலங்காரம் செய்யத் தெம்பில்லை. சுல்மீராவின் கணவர் அபீலியோ பிப்ரவரி கடைசியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். லக்சம்பர்க்கில் கட்டட வேலை செய்யும் இரண்டு மகன்களும் அடக்கத்துக்கு வந்தார்கள், மறுநாளே திரும்ப வேண்டியிருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டு உடனே கிளம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. ஈஸ்டருக்குப் பத்து நாள் லீவில் வந்து, நாங்களே பக்கத்தில் இருந்து சொல்கிறோம், அதுவரை யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அட்டவணையில் அதற்கும் ஓர் இடம் உண்டு. கடைசிப் பத்தி: 'துணை இறந்த செய்தி தெரியுமா?' சுல்மீராவுக்கு நேரே 'இல்லை' என்று போட்டேன்.

(இங்கே நிற்க வேண்டும். அந்த வாரமே அதற்குப் பிறகு இன்னொரு பத்தியைச் சேர்த்தேன்: 'மாத்திரையைப் பொடித்துத் தர வேண்டுமா?' சுல்மீராவுக்கு 'ஆம்'. ஆக, செய்தி கடைசிக்கு முந்தையதாகிவிட்டது. மகளின் பிரசவத்துக்காக நத்தேர்சியா அப்போது லீவில் இருந்தாள். அவளிடம் சொல்ல மறந்தேன். 'மறந்தேன்' என்பதை அடித்துவிட்டு 'சொல்லவில்லை' என்று திருத்தியிருக்கிறேன்.)

3

பெயர்கள் எங்கள் மொழியின் அகரவரிசையில் இருப்பதால், Z-இல் தொடங்கும் சுல்மீரா கடைசி. தலைப்பிலிருந்து அவ்வளவு தூரத்தில் வேறு யாரும் இல்லை.

லீவு முடிந்து வந்த நத்தேர்சியாவுக்கு அபீலியோ இறந்தது ஊர்க் காபிக்கடையிலேயே தெரிந்துவிட்டது. நேராக அறைக்குப் போகவில்லை அவள். முதலில் என் மேசைக்கு வந்து அட்டவணையைப் பார்த்தாள். நான் தொலைபேசியில் இருந்தேன். கடைசி வரைக்கும் உருட்டினாள். கடைசிக் கட்டம்: ஆம். அது மாத்திரைக்கான 'ஆம்' என்று அவளுக்குத் தெரியாது.

அறையில் நான் இல்லை. என் வரைவில் சுல்மீரா ஓர் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். நத்தேர்சியா படித்துவிட்டு, "ஆரஞ்சும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணாடியத் தொடச்சிட்டிருந்தாங்க" என்றாள். எனவே கண்ணாடி.

"அம்மா, அடக்கத்துக்கு என்னால வர முடியல. மன்னிச்சிருங்க. நல்ல மனுஷன்."

சுல்மீரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"எப்போ?"

அந்த ஒரு சொல்லில் நத்தேர்சியாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மென்று விழுங்க வழியில்லை.

"பன்னெண்டு நாளாச்சும்மா."

"நேத்து சூப் குடிச்சாருன்னு பெரியவன் சொன்னானே."

 அவர் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம் நத்தேர்சியா. பிறகு அந்த அம்மாள் சொன்னார்: "பசங்ககிட்ட மூச்சு விடாத. அவனுங்க எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிட்டிருப்பானுங்க. வரட்டும், அவங்களே சொல்லட்டும். அந்த ஆபீஸ்காரன்கிட்டயும் சொல்லி வை."

4

அன்றைக்கே தலைப்பு வரிசையை நிறுத்திவைத்தேன். எட்டு நொடிகூட ஆகவில்லை. நத்தேர்சியா பார்த்துக்கொண்டு நின்றாள், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்த 'இல்லை'ய மாத்தணுமாண்ணே?"

"மாத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்."

"மாத்தலைன்னா எல்லாரும் அவங்ககிட்ட அபீலியோ எப்படியிருக்காருன்னு கேட்டுட்டே இருப்பாங்க."

மாற்றவில்லை. கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

பெரிய மகன் வால்தெமார் தினமும் மாலை ஐந்துக்கு என் மேசைத் தொலைபேசிக்குத்தான் கூப்பிடுவான். சுல்மீராவைத் தள்ளுநாற்காலியில் கொண்டுவருவார்கள்.

"அப்பா இன்னிக்குச் சாப்பிட்டாரா? ம்... ம்... உப்பு கம்மியா இருந்தா அவருக்கு எறங்காது. அந்த நர்ஸ்கிட்ட சொல்லு."

ஒருநாள் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு, "பாவம், பொய் சொல்லவே வரல அவனுக்கு. நான்தான் எடுத்துக் குடுக்க வேண்டியிருக்கு" என்றார். ஐந்து வாரம் இப்படிப் போனது. ஐந்து மணி ஆனாலே எனக்கு முதுகு வலிக்கத் தொடங்கியது.

5

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை மகன்கள் வந்தார்கள். அறைக்கதவு நாற்பது நிமிடம் மூடியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். நான் கேட்காததை எழுத எனக்கு உரிமையில்லை.

முதலில் வால்தெமார் வெளியே வந்தான். முகம் வீங்கியிருந்தது, ஆனால் தோளிலிருந்து பாரம் இறங்கியிருந்தது.

"சொல்லிட்டோம் சார். நாங்க பயந்த அளவுக்கு இல்ல. தாங்கிக்கிட்டாங்க." சிகரெட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

இளையவன் எவரிஸ்தோ போகவில்லை. என் மேசை முன்னால் வந்து நின்றான்.

"அம்மாவக் கட்டிப் பிடிச்சேன் சார். பூப்போட்ட சட்டைக்குள்ள கறுப்பு பனியன் போட்டிருக்காங்க."

கணவன் இறந்தால் எங்கள் ஊரில் கறுப்பு உடுத்துவார்கள். அந்தப் பனியன் எனக்குப் புதுச் செய்தி. நத்தேர்சியா வியாழக்கிழமைச் சந்தையில் வாங்கிக் கொடுத்ததாகப் பிறகுதான் சொன்னாள்.

"தோய்ச்சுத் தோய்ச்சு கழுத்துப் பட்டையெல்லாம் வெளுத்துப்போயிருக்கு. நேத்து வாங்கினது இல்ல." குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்கு எப்ப தெரியும் சார்? யாரு சொன்னாங்க?"

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில், "இப்பத்தானே நீங்க சொன்னீங்க" என்கிறேன், அவன் நம்புவதில்லை. இன்னொன்றில் உண்மையைச் சொல்கிறேன். முற்றத்தில் இருக்கும் அண்ணனுக்கு ஐந்து வாரத்துச் சூப்பும் நினைவுக்கு வருகிறது, நத்தேர்சியா பெயரும் வெளியே வருகிறது. மூன்றாவதில் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறேன். மூன்றிலும் காப்பாற்றப்படுவது நான்தான். மூன்றையும் எடுத்துவிட்டேன்.

எவரிஸ்தோ இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். கேட்டது நியாயமான கேள்வி, கோபமில்லாமல் கேட்டான். அண்ணன் சிகரெட்டை முடித்துவிட்டு வருவதற்குள் யாராவது பதில் சொல்ல வேண்டும். நடந்தது முழுவதும் இப்போது உங்களுக்கும் தெரியும். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் உட்காருங்கள்.