கடலெண்ணெயில் ஓடிய படகு

குலசாமி சத்தியமாக, உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. படகோட்டி ஜஸ்டினுக்கு நான் பட்ட நன்றிக்கடனை எழுதியாவது தீர்க்க வேண்டும்.

என் மகள் வனிதாவின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனான என் மகன் பிரசாந்துக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. அவன் மடிக்குப் பதில் என் மடி என்று முடிவானது. சம்பந்தி ஊர் கடலோரம். சீரை வேனில் கொண்டுபோனால் எல்லாரும் செய்வதுபோல் ஆகிவிடும் என்று மீமிசல் கரையில் ஜஸ்டினின் படகைப் பிடித்தேன்.

சீர் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். ஏற்றியதை எண்ணினேன். உருளைக்கிழங்கு மூட்டை, பதினைந்து கிலோ கடலெண்ணெய் டின், பழத்தட்டுகள் எல்லாம் சேர்த்துப் பத்து வந்தது. ஓரத்தில் நின்ற ஒரு கேனைக் கரையில் இறக்கி ஒன்பதாக்கினேன். அது ஸ்பேர் டீசல்.

நடுக்கடலில் இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

"கேன் எங்கிட்டு ஐயா?"

"சீரு ரெட்டப்படையா வந்துச்சுப்பா. எறக்கிட்டேன்."

ஜஸ்டின் காலி டேங்கைத் தட்டிப் பார்த்தான். "நல்லவேள, என்னைய எண்ணாம விட்டீங்க."

முகூர்த்தம் பத்தரைக்கு. குழந்தை கரையில், மடி கடலில்.

"துடுப்புப் போட்டே போயிருவோம். ஆளுக்கு ரெண்டு கெழங்கு தின்னா தெம்பு வந்துரும்" என்றான்.

"கெழங்குல என்னப்பா தெம்பு? நூறு கிராமுக்கு எம்பது கலோரி வந்தாப் பெருசு. இந்தா, டின்னுல போட்டுருக்கான், நூறு கிராமுக்குத் தொள்ளாயிரம். இந்த ஒரு டின்னு மூணு மூட்டைக்கு மேல."

"அப்பக் குடிங்க."

ஒரு டம்ளர் குடித்தேன். ஆயிரத்துச் சொச்சம் கலோரி உள்ளே போயும் ஏப்பம்தான் வந்தது. ஜஸ்டின் பச்சைக் கிழங்கைக் கடித்துத் துப்பினான். பிறகு டின்னையே உற்றுப் பார்த்தான்.

"நமக்குத்தான் ஆகல. இன்ஜினுக்கு ஆகும்ல?"

மிச்ச எண்ணெயை அப்படியே டேங்கில் கவிழ்த்தான். இன்ஜின் ஒரு தும்மல் போட்டுக் கிளம்பியது பாருங்கள், அந்த வேகத்தில் என் துண்டு கரைக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. புகையில் முதலில் வடை வாசம், வேகம் கூடியதும் பஜ்ஜி வாசம். மத்தி மீன்கள் கூட்டமாகப் பின்தொடர்ந்தன. கிழங்கை நறுக்கிப் புகைக்குழாயில் காட்டினோம், பொன்னிறமாக வறுபட்டது. எண்பது கலோரிக் கிழங்கு எண்ணெய்ப் புகை பட்டு ஐந்நூறுக்கு ஏறிவிட்டது.

கரையில் சம்பந்தி தங்கமுத்து வாய் பிளந்து நின்றார். "என்ன சம்பந்தி, இந்த மீனெல்லாங்கூட ஒங்க சீரா?"

"வேணாம்னுதான் சொன்னேன், கூடவே வந்துருச்சுங்க."

பத்து இருபத்தொன்பதுக்குக் குழந்தை என் மடியில் இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் ஊரே அதிர அழுதது. ஜஸ்டின் வறுத்த கிழங்கில் ஒரு துண்டை நசுக்கி ஊட்டினான்; அடங்கிவிட்டது. காதில் கம்மல் மின்ன அது என்னைப் பார்த்துச் சிரித்தபோது, ஜஸ்டினைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போதும் தோசைக்கல்லில் எண்ணெய் விடும்போதெல்லாம் அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்: வனிதா வாழ்க்கைப்பட்ட ஊர் குடுமியான்மலை. அங்கிருந்து கடலுக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம்.