ஏறு

புதுக் கோச் கழுத்தில் விசில் இல்லாமல் வந்தபோதே எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை. கல்லூரிக் கால்பந்துக் கோச் என்றால் ஆளுக்கு முன்னால் விசில் தெரிய வேண்டும். பதினோரு வருடமாகத் துணைக் கோச்சாக இருக்கிற நானே மூன்று விசில் வைத்திருக்கிறேன். இந்த ஆள் சட்டைப்பையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு வந்து, "வணக்கம் சார், உங்களைப் பத்தி நிறைய சொன்னாங்க" என்றார். அது காதில் விழ நான் குனிய வேண்டியிருந்தது. என்னைவிட எட்டு வயது சின்னவர். அவர் முன்னால் குனிந்தேனே என்று அன்று முழுக்க வயிறு எரிந்தது.

அவர் உட்கார வந்தது என் நாற்காலியில். பழைய கோச் ஓய்வு பெற்றதும் அடுத்தது நான்தான் என்று வாட்ச்மேன் வரைக்கும் வாழ்த்துச் சொல்லியாகிவிட்டது. பிரின்சிபால் என்ன கணக்குப் போட்டாரோ, வெளியிலிருந்து ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் நேரே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். பிரின்சிபால் வணிகவியல்காரர். பந்து உருண்டையாக இருக்கும் என்பதற்கு மேல் கால்பந்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"லீக்ல முதல் மேட்ச் பார்ப்போம். தோக்காம இருந்தா அவர் இருக்கட்டும். தோத்தா ஆர்டரை உங்க பேருக்கு மாத்திடறேன்" என்றார்.

அன்றிலிருந்து என் சொந்த அணி தோற்க வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஆசை ஆசைதானே.

எனக்குப் பையன்கள் வைத்த பட்டப்பெயர் மைக்செட். என் பெருமையெல்லாம் ஒரே சொல்லில் இருந்தது: "ஏறு". எதிரணிக்காரன் நம் கோலுக்குப் பக்கத்தில் பதுங்கும்போது, கோட்டுக்கு வெளியே நின்று "ஏறு" என்று தொண்டை கிழியக் கத்துவேன். பின்வரிசை நால்வரும் ஒரே நொடியில் முன்னால் ஓடுவார்கள். பதுங்கியவன் தனியாகப் பின்னால் மாட்டிக்கொள்வான், ஆஃப்சைடு என்று கோட்டு நடுவர் கொடியைத் தூக்கிவிடுவார். நால்வரில் ஒருவன் பிசகினாலும் எல்லாம் கெட்டது. அதனால் யோசிக்காமல் ஓடப் பழக்கியிருந்தேன். அந்த நால்வரில் வலது ஓரத்தில் ஆடுகிறவன் என் அக்கா மகன்.

புதுக் கோச் வந்த மூன்றாம் நாளே என் சொல்லுக்கு வேலை இல்லாமல் போனது. "பத்து நிமிஷம் யாரும் வாயைத் திறக்காம ஆடுங்க" என்றார். வாயைத் திறந்தவன் வெளியே. இருபத்திரண்டு பேர் ஊமையாக ஓடுவதை மொட்டை வெயிலில் நின்று பார்த்தேன். யாராவது தப்புச் செய்தால் திட்டவும் மாட்டார். பக்கத்தில் போய் நின்று, "என்ன பார்த்தே?" என்று கேட்பார். பையன் எதையாவது உளறுவான். "சரி" என்று சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொள்வார். ஊமைக்கோட்டான் என்று நான் அவருக்குப் பெயர் வைத்தேன். அந்தப் பெயர் யார் வாயிலும் ஒட்டவில்லை, அதுவும் எனக்கு எரிச்சல்.

"கோச் சார், இது கிரவுண்டா, லைப்ரரியா?" என்று ஒருநாள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

அவர் தரையில் கிடந்த அடையாளக் கூம்புகளைத் தானே பொறுக்கிக்கொண்டிருந்தார். "எப்ப ஏறணும்னு பசங்களே ஒருத்தரை ஒருத்தர் பார்த்து முடிவு பண்ணட்டும் சார். வெளியில நிக்கிற நமக்குப் பாதிதான் தெரியுது."

"உங்களுக்குப் பாதி தெரியும். எனக்கு முழுசா தெரியும்."

"இருக்கலாம் சார்" என்று சொல்லிக் கூம்புகளை அடுக்கினார். சண்டைக்கு வராதவனோடு எப்படித்தான் மல்லுக்கட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

அக்கா மகனைத் தனியாகப் பிடித்தேன். "டேய், அந்தாளு உங்களுக்கு என்னதான் சொல்லித் தர்றார்?"

"ஒண்ணும் சொல்லித் தரல மாமா. ஆனா பந்து இப்ப கொஞ்சம் மெதுவா வர்ற மாதிரி இருக்கு."

"என்னடா, நக்கலா?"

"இல்ல மாமா, நிஜமாத்தான்."

அவனுக்கு முதன்முதலில் பந்து வாங்கிக் கொடுத்தவன் நான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

முதல் மேட்ச். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு கோல். சமனில் முடிந்தாலே அவர் தப்பித்துவிடுவார். அவரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் போல நின்றார். எதிரணியின் ஒன்பதாம் எண்காரன் நம் வலது பக்கம் பதுங்குவது தெரிந்தது. நான் கோடு வரைக்கும் ஓடி, "ஏறு" என்று கத்தினேன். பழக்கத்தில் வந்துவிட்டது என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பாதி பொய்.

மூன்று பேர் அசையவில்லை. என் அக்கா மகன் மட்டும் பாய்ந்து முன்னால் ஓடினான். அவன் விட்டுப்போன இடத்தில் பந்து விழுந்தது, அடுத்த நொடி வலையில் இருந்தது. தோற்றோம். நான் ஆசைப்பட்டது நடந்தது.

உடை மாற்றும் அறையில் வியர்வையும் தைலமும் கலந்து நாறியது. அக்கா மகன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கோல்கீப்பர் கையுறையைச் சுவரில் வீசி அடித்தான். "எவன்டா உன்னை ஏறச் சொன்னது?" அக்கா மகன் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். நான் கதவோரம் நின்றேன்.

கோச் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்ன பார்த்தே?"

"நான் பார்க்கல சார்." துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "காதுல விழுந்துச்சு. கால் ஓடிடுச்சு."

அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், கோச்சைத் தவிர. "சரி" என்று மட்டும் சொல்லி எழுந்து போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அதற்குக்கூட வழி வைக்காத அந்த மனிதரை அன்று வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை.

யாரோ எடுத்த வீடியோவை அன்றைக்கே பார்த்தேன். ஒன்பதாம் எண்காரனுக்குப் பின்னாலிருந்து இன்னொருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். நால்வரும் ஏறியிருந்தாலும் அவன் ஆஃப்சைடில் சிக்காமல் வந்து கோல் போட்டிருப்பான். அசையாத மூவரும் அவனைப் பார்த்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை.

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டார். "உங்க குரல் மேல் வரிசை வரைக்கும் கேட்டுச்சு. அந்த மனுஷன் கையைக் கட்டிட்டு நிக்கிறார், நீங்க ஒத்தை ஆளா கத்துறீங்க. ஒருத்தனாவது உங்க பேச்சைக் கேட்டான். மத்த மூணு பேரும் கேட்டிருந்தா தப்பிச்சிருப்போம்."

அவர் நினைப்பது தப்பு என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை, புதுக் கோச்சாக முதல் பயிற்சி. மூன்று விசிலையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். பந்தை ஓட விட்டு, வயிற்றிலிருந்து எழுப்பி, "ஏறு" என்று கத்தினேன். பின்வரிசையில் ஒருவனும் நகரவில்லை. நான்கு தலைகளும் இடமும் வலமும் திரும்பின.

"காது கேக்கலையாடா?" என்றேன்.

அக்கா மகன் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டுச்சு. பார்த்துட்டு ஏறுறோம் சார்" என்றான்.

அவன் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.