செருப்புக் கடையில் வேலை பார்க்கும் அப்பா

செமேசாவுக்குச் செருப்புக் கடை உத்தியோகத்தைக் கொடுத்தது அவன் மகள்தான். அப்பா ஜப்பானில் என்ன வேலை பார்க்கிறார் என்று ஃபிஜியில் வகுப்பு டீச்சர் கேட்டபோது, ஆறு வயது லிதியா கொஞ்சமும் யோசிக்காமல் "செருப்புக் கடையில" என்று சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. போனில் அப்பா முகம் தெரியும்போதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னால் அடுக்கடுக்காகச் செருப்புகள்தான் தெரிகின்றன.

மனைவி வசிதி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் கூடவே சிரித்தான். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

நீகாதா மலைப்பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளை எல்லாம் ஒரே பஸ்ஸில் அடைத்துவிடலாம், அவ்வளவுதான் கூட்டம். செமேசா அங்கே இங்கிலீஷ் வாத்தியார். வாத்தியார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பாடம் நடத்துவது ஹோசாகா டீச்சர். அவர் கையைக் காட்டினால் இவன் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மறுபடி கையைக் காட்டினால் மறுபடி அதே வாக்கியம். ஒரே நாளில் நாலு வகுப்பில் "எனக்கு ஆப்பிள் பிடிக்கும்" என்று சொல்லிச் சொல்லி ஆப்பிளே வெறுத்துப்போனது. மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சோற்றுக்குத் துணையாகச் சில்லென்ற பால், பிறகு அவர்களோடு மண்டியிட்டு வராந்தா துடைப்பது, அதற்கும் பிறகு வாசலில் பனி வாருவது. இதெல்லாம்கூட அவனுக்குப் பழகிவிட்டது. பழகாதது சாயங்காலம்தான்.

வந்த வாரமே ஹோசாகா டீச்சர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "சார், நாலே காலோட வேலை முடியுதுன்னுதான் பேப்பர்ல இருக்கும். ஆனா ஏ.எச்.எம். சார் உக்காந்திருக்கறப்ப நாம எந்திரிச்சுப் போனா நல்லா இருக்காது. பாத்து நடந்துக்குங்க."

ஏ.எச்.எம். என்றால் உதவித் தலைமையாசிரியர் இகராஷி. காலையில் பள்ளியைத் திறப்பதும் அவர்தான், கடைசி ஆள் போன பிறகு பூட்டுவதும் அவர்தான். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். நாலே கால் ஆனாலும் அசைய மாட்டார், ஆறு ஆனாலும் அசைய மாட்டார். குனிந்த தலை நிமிராமல் காகிதங்களில் முத்திரை குத்திக்கொண்டே இருப்பார்.

மற்றவர்களுக்கு வீட்டில் குழந்தை, மாமியார் என்று ஏதாவது காரணம் இருந்தது. ஒவ்வொருவராக எழுந்து, "உங்களுக்கு முன்னாடி கிளம்பறேன், மன்னிச்சுக்கங்க" என்று குனிவார்கள். இருக்கிறவர்கள் "களைச்சிருப்பீங்க" என்பார்கள். அந்த ஊரில் வேலை முடித்துப் போகிறவரிடம் அதைத்தான் சொல்வது. போகிறவரும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார். வணக்கத்துக்கு வணக்கம் சொல்வது போலத்தான். யாரும் அப்போது களைப்பைப் பற்றி நினைப்பதில்லை.

செமேசாவிடம் சொல்வதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. தனிக்கட்டையாக வந்து கிடக்கிறவன். கடைசியில் அந்தப் பெரிய அறையில் அவனும் இகராஷியும்தான் மிஞ்சுவார்கள். ஏழு மணிவரை சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது? பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பட அட்டை செய்கிறேன் பேர்வழி என்று கத்தரியும் கலர் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுவான்.

இங்கே ஐந்து மணி என்றால் ஃபிஜியில் எட்டு மணி, லிதியா தூங்கப் போகும் நேரம். அதனால் தினமும் ஐந்து மணிக்குக் கழிப்பறைக்குப் போவது போல எழுந்து, வாசலில் எல்லாரும் செருப்பு மாற்றும் இடத்துக்குப் போவான். அந்தச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று குசுகுசுவென்று பேசிவிட்டு ஓடி வருவான். முதல் வருஷம் குளிரில் பல் தந்தியடித்தது. போன வருஷம் யாரோ அங்கே ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இந்த வாரம் லிதியா போனுக்கே வர மாட்டேன் என்றுவிட்டாள். வசிதி போனை நீட்டியதும் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா வேகவேகமா பேசிட்டு வச்சிடுவாங்க. எனக்குத் தூக்கம் வருது" என்றாள்.

இது திங்கட்கிழமை. அடுத்த வருஷமும் இருக்கிறானா, ஊருக்குப் போகிறானா என்று வெள்ளிக்கிழமைக்குள் கல்வி அலுவலகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஊரில் புயல் பிய்த்துக்கொண்டு போன வீட்டுக்கூரையில் பாதி தகரம், பாதி இன்னும் தார்ப்பாய்தான். போனால் சம்பளம் இல்லாமல் கூரை வேலை நின்றுவிடும். இருந்தால் மகள் மறந்துவிடுவாள். கூரையாவது மண்ணாவது, போய்விடலாம் என்றுதான் அவன் முடிவுகட்டியிருந்தான்.

புதன்கிழமை சாயங்காலம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இகராஷி சாவிக்கொத்தோடு மாடி ஜன்னல்களைப் பார்க்கப் போயிருந்தார். செமேசா ஒரு சிங்கத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தபோது கதவை இழுத்துத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். தலையெல்லாம் பனி, கையில் துணி சுற்றிய சட்டி.

"செமேசா சார் நீங்கதானே? நான் இகராஷி வீட்டுக்காரி. ஃபுசாயோ."

அவன் பதறி எழுந்து குனிந்தான். "சார் மாடியில இருக்காங்கம்மா. கூப்பிடவா?"

"வேணாம் வேணாம். அவர் வர்றதுக்குள்ள உங்ககிட்டதான் பேசணும். முதல்ல சாப்பிடுங்க." சட்டியைத் திறந்தார். முள்ளங்கியும் மீனும் போட்ட குழம்பு, ஆவி பறந்தது. அவன் ஒரு துண்டை வாயில் போடும்வரை காத்திருந்துவிட்டு ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களைப் பத்தி வீட்டுல ஒரே புகழ்ச்சி. அவ்வளவு தூரத்துலேருந்து வந்த மனுஷன் இருட்டுற வரைக்கும் உழைக்கறார், அவரைத் தனியா விட்டுட்டு நான் எப்படி வர்றதுன்னு கேக்கறார். மூணு வருஷமா இதே பாட்டு. நான் குழம்பை ரெண்டு தடவை சுட வைக்கறேன். மூணாந்தடவை வச்சா முள்ளங்கி கரைஞ்சே போயிடுது. கொஞ்சம் குறைச்சு உழைச்சீங்கன்னா என்னவாம்?"

செமேசா வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினான். "நான் உழைக்கலம்மா. அவர் கிளம்பட்டும்னுதான் உக்காந்திருக்கேன்."

"எவர்?"

"ஏ.எச்.எம். சார். அவர் இருக்கறப்ப போகக் கூடாதுன்னு சொன்னாங்க."

ஃபுசாயோ மேஜையைப் பார்த்தார். "அப்ப இந்தச் சிங்கம்?"

"சும்மா. இதுக்கு இது மூணாவது கலர்."

அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். செமேசா சிரிக்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. ஹோசாகா டீச்சர் நல்லதுக்குத்தான் சொன்னார். இகராஷி நல்லதுக்குத்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் நல்லவர்களாக இருந்தே மூன்று வருஷத்துச் சாயங்காலத்தையும் தின்று தீர்த்துவிட்டார்களே. லிதியாவைப் பற்றியும் அவள் சொன்ன செருப்புக் கடையைப் பற்றியும் கொட்டித் தீர்த்தான்.

ஃபுசாயோவின் சிரிப்பு நின்றது. "அப்ப அந்த ஹீட்டர் உங்களுக்குத்தானா? போன வருஷம் எங்க கொட்டகையிலேருந்து தூக்கிட்டு வந்தாரு. குழாய்க்கான்னு கேட்டேன். இல்ல, அங்க ஒருத்தர் நின்னு வீட்டுக்குப் பேசறாரு, பாவம் குளிருதுன்னாரு."

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் வேலை செய்கிறவனை விரட்டியது போல ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு, அவ்வளவு கனமான ஹீட்டரைச் சுமந்து வந்திருக்கிறார் மனிதர்.

சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. இகராஷி உள்ளே வந்து மனைவியைப் பார்த்ததும் காதுவரை சிவந்துவிட்டார்.

"வாங்க," என்றார் ஃபுசாயோ. "ரெண்டு பேரும் நல்லாத்தான் ஒருத்தரையொருத்தர் காவல் காத்தீங்க. நாளைக்கு நாலே காலுக்கு ரெண்டு பேரும் எந்திரிக்கறீங்க. சொல்லிட்டேன்."

இகராஷி செமேசாவைப் பார்த்துக் குனிந்தார். செமேசா அதைவிடத் தாழக் குனிந்தான். இருவர் தலையும் முட்டாத குறைதான்.

மறுநாள் மணி நாலே கால் ஆனதும் இகராஷி நாற்காலி கிறீச்சிட எழுந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு, "உங்களுக்கு முன்னாடி கிளம்பறேன்" என்று வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தார். ஹோசாகா டீச்சர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. களைச்சிருப்பீங்க என்று சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் அறையே காலியாகிவிட்டது.

பள்ளிக்கு மேலே மேட்டில் இருந்த தன் வாடகை வீட்டுக்குச் செமேசா போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வசிதி போனை லிதியாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். குழந்தை வேண்டாவெறுப்பாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. அப்பா முதுகுக்குப் பின்னால் திரைச்சீலை, சோறு வைக்கிற குக்கர், சுவரில் ஒரு காலண்டர். இன்னொரு கண்ணும் திறந்தது.

"அப்பா, கடைக்கு லீவா?"

"லீவுடா செல்லம்."

"செருப்பெல்லாம் வித்துடுச்சா?"

"எல்லாம் வித்துடுச்சு."

விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்டினாள். அவன் கொண்டுவந்திருந்த சிங்க அட்டையைக் காட்டியதும் அதற்கு ஏன் பச்சைக் கலர் என்று சண்டை பிடித்தாள். பேச்சு பாதியில் இருக்கும்போதே தூங்கிப்போனாள். வசிதி போனை எடுக்காமல் தலையணை மேலேயே விட்டாள். அவன் மகள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் அழுகை வந்தது, கூடவே உடம்பு முழுக்க ஒரு அசதி.

பிறகு திரையை இழுத்துவிட ஜன்னலுக்குப் போனான். கீழே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யார் என்று கேட்கவே வேண்டாம். எல்லாரும் போகட்டும் என்று காரை எங்கேயோ ஓட்டிப்போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். செமேசா திரையை இழுத்து மூடினான். தனக்கென்ன வந்தது என்று படுத்துப் பார்த்தான். அந்த அம்மாளின் குழம்பு ஆறிக்கொண்டிருப்பது மனசில் வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்து கழுவி வைத்திருந்த சட்டியை எடுத்தான். வெறும் சட்டியாகத் திருப்பித் தரக் கூடாதே என்று வசிதி அனுப்பிய தேங்காய் பிஸ்கட்டை அதில் போட்டுக்கொண்டு பனியில் இறங்கினான்.

கதவு திறந்ததும் இகராஷி கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல எழுந்து நின்றார். மேஜையில் காகிதம் கழுத்தளவுக்கு இருந்தது.

"நீங்க இருக்கறதால இருக்கேன்னு அவகிட்ட சொன்னது பாதிதான் நிஜம் சார்," என்றார் தலையைக் குனிந்தபடி. "மீதிப் பாதி இதுதான். நீங்க ஏன் வந்தீங்க? போங்க சார், வீட்டுக்குப் போங்க."

மூன்று வருஷத்தில் அவர் போங்க என்று சொன்னது அப்போதுதான்.

செமேசா சட்டியை மேஜை மேல் வைத்தான். "நாளைக்கு ஆபீஸ்ல இன்னொரு வருஷம் இருக்கேன்னு சொல்லப் போறேன் சார். ஆனா மகள்கிட்ட பேச தினம் நாலே காலுக்குக் கிளம்பிடுவேன். நீங்க உக்காந்திருந்தாலும் கிளம்பிடுவேன்."

இகராஷி சட்டிக்குள் இருந்த பிஸ்கட்டைப் பார்த்தார். பிறகு, வேறு என்ன சொல்வது என்று தெரியாதவராக, வழக்கமான அந்த வார்த்தையைச் சொல்லிக் குனிந்தார். "களைச்சிருப்பீங்க."

செமேசா பதிலுக்கு அதையே திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமா சார்," என்றான். "ரொம்பக் களைச்சுட்டேன்."

இகராஷி நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையில் அந்த வார்த்தைக்கு யாரும் அப்படிப் பதில் சொல்லி அவர் கேட்டதில்லை. கையிலிருந்த முத்திரையை மெல்ல வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத அந்த முகத்துக்கு இன்னும் பத்து வயது கூடியிருந்தது.

"நானும்தான்," என்றார்.

காகிதங்கள் கிடந்தபடி கிடக்க, செமேசா போய் விளக்கை அணைத்தான்.