மெஷின் ஓடும்போது மட்டும்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அக்கா வீட்டு வாஷிங் மெஷின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு வம்பளந்துகொண்டிருந்தபோது தானாக வந்து மாட்டியது. உங்களிடம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

தொடக்கம், முதல் முயற்சி: வானத்தைத் தொடும் இரும்புக் கை ஒன்று மெல்ல—

(அடித்துவிட்டேன். மாமா இன்னும் மேலே ஏறவே இல்லை.)

2

மாமா, அதாவது அக்கா புருஷன், கட்டடத்தில் கம்பி கட்டுகிறவர். கிரேன் கேபினில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கொரு தேர்வு உண்டு. கீழே நிற்பவர் காட்டும் கைச்சைகைகளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். புத்தகத்தில் படித்தது மறுநாள் பல் தேய்ப்பதற்குள் அவரை விட்டுப் போய்விடும். ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தார். இந்தத் தடவையும் தவறினால் ஆயுசுக்கும் கம்பிதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

அக்கா போன் ரிப்பேர் செய்கிறவள். ஒரு பழைய போனில் வேலையைக் காட்டினாள். திரையில் சைகை வரும், அவள் குரல் அர்த்தம் சொல்லும், பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் போன் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக அதிரும், மாமா அதையே தன் கையால் செய்ய வேண்டும். கண், காது, தோல், கை என்று நாலு வாசலிலும் பாடம் உள்ளே போயிற்று! சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் ‘தூக்கு’. மாமா சாப்பாட்டுத் தட்டைக்கூட அப்படித்தான் எடுக்கச் சொன்னார்.

ஒன்றில் மட்டும் தகராறு. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நின்றால், எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திப் பிடி, சுமை அந்தரத்திலேயே இருக்கட்டும் என்று அர்த்தம். மாமாவுக்கோ யாரோ போட்டோவுக்கு நிற்பதாகத்தான் தோன்றும்.

3

(அக்காவை முதல் வரைவில் சாந்தமானவளாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு, “இது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?” என்றாள்.)

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டு, போன் இல்லாமல் கேட்டுப் பார்த்தாள். மாமா பேந்தப் பேந்த விழித்தார். ‘தூக்கு’கூட வரவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா மிச்சத் துணியைப் போட்டு மெஷினை ஓடவிட்டாள். மாமா கடகடவென்று, அந்த ஒன்றைத் தவிர, எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அக்காவின் ரிப்பேர் மேசை மெஷினை ஒட்டிக் கிடக்கிறது. அவள் பதிவு செய்த ஒவ்வொன்றிலும் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் பாடம் வெளியே வர மாட்டேன் என்றது.

“பரீட்சைக்கு மெஷினைத் தூக்கிட்டா போக முடியும்?” என்றாள்.

“கிரேன்ல தூக்கலாம். ஓட்டத்தான் எனக்கு லைசென்ஸ் இல்ல,” என்றார் மாமா.

4

தேர்வாளருக்கு முதலில் முறுக்கு மீசையும் கடுகடுப்பும் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். தங்கமான மனிதர், அதனாலேயே மாமாவுக்கு இன்னும் பயம்.

அறையில் சத்தமே இல்லை. தேர்வாளர் முதல் சைகையைக் காட்டினார். மாமா சட்டைப் பையைத் தடவினார். போன் இல்லை, காலி. கண்ணை ஒரு நொடி மூடி, உதட்டுக்குள்ளேயே மெஷினை ஓட்ட ஆரம்பித்தார். டுகுடுகு, டுகுடுகு.

“என்னப்பா, குளிருதா?”

“இல்ல சார், துணி துவைக்கிறேன்.”

அவ்வளவுதான், வந்துவிட்டது! தூக்கு. இறக்கு. நிறுத்து. இடப்பக்கம் திருப்பு. நான் எழுதுகிற நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

கடைசிச் சைகைக்குத் தேர்வாளர் இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார்.

5

முடிவு, முதல் முயற்சி: கேபினின் கண்ணாடி வழியே ஊர் முழுக்க—

முடிவு, இரண்டாம் முயற்சி: மாமா மறுபடி கம்பிக்கட்டைத் தோளில்—

(“ஒழுங்கா பாஸ் போட்டு எழுது,” என்கிறாள் அக்கா, என் தோளுக்குப் பின்னால் நின்று. எனக்கும் ஆசைதான்.)

ஆனால் பாடத்தை உங்களுக்கும் சேர்த்துத்தானே நடத்தினேன்? மாமா வாயைத் திறக்கிறார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நானும் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு நிற்கிறேன். மேலே புரட்டிப் பார்க்காமல் அர்த்தத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் அவரும் சொல்லிவிடுவார்.

வரவில்லையா? உதட்டுக்குள் மெல்ல ஓட்டுங்கள். டுகுடுகு, டுகுடுகு.