மீதமிருந்த எட்டு நிமிடம்

"எங்கப்பா கைய எங்கன வச்சிருக்கீய?"

ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்த நர்ஸ் ஜாய்ஸிடம் முத்துமாரி இப்படித்தான் கேட்டாள். ஆறு வயது. சங்கரன்கோவில் கோயிலிலிருந்து கொண்டுவந்த, விஷக்கடிக்குப் பூசும் புற்றுமண் பொட்டலத்தை நீட்டினாள்.

"இதப் பூசிருதீயளா?"

"பூசுதேன் மக்கா. கை பத்திரமா இருக்கு."

மூன்று நாள் முன்பு, புளியங்குடித் தோப்பில் எலுமிச்சை பறித்துக்கொண்டிருந்த அவள் அப்பா நல்லகண்ணுவைக் கையில் கண்ணாடிவிரியன் கடித்தது. அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. விஷமுறிவு மருந்து ஏற்றியபின், ஜாய்ஸ் கண்ணாடிக் குழாயில் அவர் ரத்தத்தை எடுத்து அசையாமல் நிறுத்தினாள். இருபது நிமிடம் கழித்துச் சாய்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கத்தியைத் தொடக்கூடாது.

கை வீங்கி மினுமினுத்தது. நல்லகண்ணுவின் மைத்துனர் தங்கசாமி ஆட்களோடு கதவைத் தட்டினார்.

"கை வெடிக்கப் போவுது, குழாய வேடிக்க பாக்கீயளோ? கீறிவிட்டா விஷம் எறங்கிரும்லா!"

"எவ்வளவு ஆச்சு சிஸ்டர்?" என்றார் டாக்டர்.

"பன்னெண்டு நிமிஷம் சார். இன்னும் எட்டு..."

"அதுவரைக்கும் இவங்க விடமாட்டாங்க."

டாக்டர் கெட்டவர் அல்லர். அவர் கூட்டத்துக்குப் பயந்தார். ஜாய்ஸ் டாக்டருக்குப் பயந்தாள். கத்தியை எடுத்துக் கொடுத்தாள். அவர் கையைக் கீறினார்.

இருபதாவது நிமிடம் குழாயைச் சாய்த்தாள். தண்ணீராக ஓடியது. கீறிய கையிலிருந்தும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்துவதற்காக மணிக்கணக்கில் இறுக்கிக் கட்டினார்கள். உயிர் பிழைத்தது. கை கறுத்தது. இன்று எடுத்துவிட்டார்கள்.

"பாம்பு கைய வாங்கிட்டுப் போயிருச்சு" என்று தங்கசாமி எல்லோரிடமும் சொன்னார். டாக்டரும் தலையாட்டினார். பாம்பு வந்து மறுக்கவா போகிறது?

கையைக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டபோது, "அத வச்சி என்ன செய்ய? எரிச்சிருங்க" என்று கையெழுத்துப் போட்டார் தங்கசாமி.

எரிக்கக் கொண்டுபோகும் வண்டி பிற்பகலில் வரும். அதற்கு முன்பே ஜாய்ஸ் கை இருந்த மஞ்சள் பையைத் தன் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். தன் அம்மாவின் கல்லறை ஓரம் ஆழமாகத் தோண்டினாள்.

பையிலிருந்து கையை எடுத்தாள். விரல்களில் எலுமிச்சை முள் கிழித்த பழைய தழும்புகள் இருந்தன. முத்துமாரி தந்த பொட்டலத்தைப் பிரித்தாள். புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து, அவசரப்படாமல், ஒவ்வொரு விரலாகப் பூசினாள்.

பிறகு மண்ணைத் தள்ளி மூடினாள்.